பாதியில் நின்ற வாத்தியம்

1940களின் பிக் பாண்ட் வானொலிப் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஒரு முடிவு பழகிப்போயிருக்கும். சாக்ஸபோன் வரிசை அப்போதுதான் மெட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். அறிவிப்பாளர் குறுக்கே வந்து, இன்ன ஹோட்டலின் நடன மண்டபத்திலிருந்து இன்னாருடைய குழுவைக் கேட்டீர்கள் என்று சொல்லத் தொடங்குவார். அவருடைய குரலுக்கடியில் இசை தாழ்ந்து, ஒரு 'டக்' சத்தத்தோடு அறுந்துவிடும். அரைமணி நேரம் முடிந்தது; நிலையத்துக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது. மண்டபத்தில் ஆடியவர்கள் தொடர்ந்து ஆடியிருப்பார்கள், குழுவும் பாட்டை வாசித்து முடித்துத்தான் இருக்கும். கேட்கிற நமக்குத்தான் அந்தப் பாட்டுக்கு முடிவு கிடையாது. காற்றோடு போகவேண்டிய ஒன்றை யாரோ தட்டில் பிடித்துவைத்திருக்கிறார். அவர் பிடித்தது அன்றைய ஒலியையா, அதன் சுவட்டையா? போகவேண்டியதைப் போகவிடாமல் வைப்பது சரிதானா? இசைப் பிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்விபோலத் தோன்றும். நம்முடைய சமயங்கள் பல நூற்றாண்டுகளாக நடத்திவந்த ஒரு வழக்கு இதற்குள் இருக்கிறது.

சத்தம் நித்தியமா, அநித்தியமா என்பது அந்த வழக்கு. வேதம் எவராலும் செய்யப்பட்டதன்று, ஆகவே அதன் எழுத்தொலிகள் என்றும் உள்ளவை என்றார்கள் மீமாஞ்சகர்கள். இருட்டறையில் இருக்கும் குடத்தை விளக்குக் காட்டுவதுபோல, ஏற்கனவே உள்ள ஒலியை நாக்கும் அண்ணமும் வெளிப்படுத்துகின்றனவாம். நையாயிகரும் பௌத்தரும் இதை ஒப்பவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை இலக்கணத்தைக் கற்பிக்கும்போது, சத்தம் நிலையற்றது என்பதையே மேற்கோளாக வைத்து, அது செய்யப்படுவது என்று ஏதுவும், குடத்தைப்போல என்று எடுத்துக்காட்டும் சொல்கிறார். இரு கட்சிக்கும் குடந்தான் சாட்சி என்பது ஒரு வேடிக்கை. மீமாஞ்சகர் ஒருவர் கையில் இசைத்தட்டைக் கொடுத்திருந்தால் வழக்கு முடிந்தது என்று எழுந்திருப்பார்: ஒலி வரிப்பள்ளத்துக்குள் கிடக்கிறது, ஊசி அதை வெளிப்படுத்துகிறது, இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஆனால் தட்டைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்கவேண்டும். நேரடி ஒலிபரப்புகளைப் பிடித்த தட்டுகள் கடையில் விற்ற அரக்குத் தட்டுகள் அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, பாட்டு நடக்கும்போதே அதில் கோடு கீறிச் செய்தவை. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியின்மேல் பூசினார்கள். கைதவறினால் அது கதை முடிந்த தட்டு. பூச்சு வளைந்துகொடுக்க அதில் ஆமணக்கெண்ணெய் சேர்த்திருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக எண்ணெய் கசிந்து மேலே வெள்ளைப் பொடியாகப் படியும், பூச்சு சுருங்கும், வெடிக்கும், செதிலாக உரியும். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் வரி கொஞ்சம் தேய்கிறது. நித்தியமானது தங்குவதற்கு இவ்வளவு மோசமான வீடு எதற்கு? தட்டிலிருந்து இன்று எழும் ஒலி இன்று பிறந்து இன்றே மறைகிற புது ஒலி. பழையதோடு அதற்குள்ள உறவு காரண காரியத் தொடர்ச்சி. இரவு முழுவதும் எரிந்த விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் அதுவும் அன்று, வேறும் அன்று என்று மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர் சொல்லும் விடைதான் இதற்கும் பொருந்துகிறது. ஒலியின் இயல்பு என்ற அளவில் அறவண அடிகளின் கட்சியே வென்றது என்பது என் எண்ணம்.

வழக்கில் வென்ற பௌத்தரே இப்போது ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். நிலையற்றது என்று ஒப்புக்கொண்டாயிற்று. பிறகு அதைச் சேமித்துவைப்பது பற்றுத்தானே? கேட்டு, மகிழ்ந்து, விட்டுவிடுவதல்லவா அறிவு? கேட்க அழகான வாதம். ஆனால் இந்த இலங்கைத் தீவின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அரசன் காலத்தில், பஞ்சமும் போரும் சேர்ந்து, பௌத்த மறைகளான பிடகங்களை நாவில் சுமந்த பிக்குகள் மடியத் தொடங்கினார்கள். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் கூடி அவற்றை ஓலையில் எழுதினார்கள். எழுதியவர்கள் அநிச்சத்தை, எதுவும் நிலையாது என்பதை, நம்பாதவர்கள் அல்ல. அதை நன்றாக நம்பியதால்தான் எழுதினார்கள். மறுகரையில், ஒலி என்றுமுள்ளது என்று சாதித்த வைதிகர்கள் பதம், கிரமம், ஜடை, கனம் என்று ஒரே மந்திரத்தை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதி, ஓரெழுத்தும் சிந்தாமல் பார்த்துக்கொண்டார்கள். அழியாததற்கு இத்தனை காவல் ஏன் என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. கொள்கை எதுவாயினும் கை செய்த வேலை ஒன்று. ஆகவே காப்பது என்ற செயலையே பற்று என்று தள்ளிவிட முடியாது. எதைக் காக்கிறோம், எப்படிக் காக்கிறோம் என்பதில்தான் பற்றின் கணக்கு இருக்கிறது.

அலுவிகாரையில் காக்கப்பட்டது போதனை. ஓதியவர்களின் குரல் காக்கப்படவில்லை. பின்னாளிலும் இதே கதைதான். கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமயத்தின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1873 ஓகஸ்டில் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு இரண்டு நாள் வாதிட்டார். ஆன்மா இல்லையென்றால் வினையின் பயனை அனுபவிப்பவர் யார், செய்தவரா வேறொருவரா என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. நம்முடைய இசைத்தட்டுக் கேள்விக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வாதத்தின் சொற்கள் பத்திரிகையில் வந்தன, நூலாகி அமெரிக்காவரை போய் அமெரிக்கரான ஒல்கொட்டை இங்கே கொண்டுவந்தன. அந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட குரல் எப்படி இருந்தது? எடிசனின் ஃபோனோகிராஃப் வர இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. சாரம் தங்கியது, குரல் போனது. பழைய உலகம் இதை ஓர் இழப்பாக எண்ணவேயில்லை. சாரத்தைக் காத்தால் போதும், மற்றது உமி.

வானொலிப் பதிவுகள் இந்தக் கணக்கைக் குழப்புகின்றன. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரிலோவின் தலைமையில், 1942 ஓகஸ்ட் 1 முதல் தட்டுப் பதிவை நிறுத்தியது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் இரண்டு 1944 நவம்பர்வரை சங்கத்துக்குப் பணியவில்லை. சுவிங் பீபொப்பாக மாறிய காலமும் அதுவே. 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பக்கத்தில் இருந்து வாசித்தார்கள். அந்தக் குழு ஒரு தட்டும் போடவில்லை. ஆனால் வானொலிக்குத் தடை இல்லை. 1948இல் இரண்டாம் தடை வந்தபோதும் நடன மண்டபங்களிலிருந்து இரவு ஒலிபரப்புகள் நடந்தன. பாடகர் பில்லி எக்ஸ்டைனின் குழுவை 1945இல் படையினருக்கான 'ஜூபிலி' நிகழ்ச்சியில்தான் அதன் உண்மையான வலுவோடு கேட்கலாம். கடைத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம். 16 அங்குல ஒலிபரப்புத் தட்டின் ஒரு பக்கம் கால்மணி நேரம். அந்தக் கால்மணிக்குள் இசை மட்டுமா வந்தது? 1945இல் டியூக் எலிங்டனின் சனிக்கிழமை நிகழ்ச்சிகளில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எலிங்டனே போர்க்கடன் பத்திரம் வாங்கச் சொல்லி வேண்டுகிறார். மற்றப் பதிவுகளில் கண்ணாடிக் குவளை கிணுங்குகிறது, யாரோ இருமுகிறார், தூரத்து நிலையம் ஒன்று இடையில் கரகரக்கிறது.

வந்ததையெல்லாம் பிடித்த இந்தப் பதிவுகளுக்கு நேரெதிராக ஒருவர் இருந்தார். டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் 1947 மார்ச்சில் லொஸ் ஏஞ்சலிஸில் ஓர் இரவு விடுதிக்குத் தட்டு கீறும் இயந்திரத்தைக் கொண்டுபோனார். பார்க்கர் வாசிக்கும்போது இயந்திரம் ஓடும். அவர் வாத்தியத்தை இறக்கினால் நின்றுவிடும். மற்றவர்களுக்குத் தட்டில் இடமில்லை. 1990இல் வெளிவந்த அந்தப் பதிவுகளில் தலையும் வாலும் இல்லாத துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தட்டுக்குக் காசு வேண்டும், பெனடெட்டியிடம் காசில்லை என்பது உண்மை. பக்தியின் நேர்மையையும் சந்தேகிக்கவில்லை. என்றாலும் பற்று என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. இன்பம் தருவதை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்றதை வெட்டிவிடுவது. தாளம் போட்டவரும் பதில் சொன்ன ட்ரம்பெட்டும் இல்லாமல் பார்க்கரின் ஒரு வரி எங்கிருந்து எழுந்தது என்றே தெரிவதில்லை. சாரம் என்று நினைத்து எடுத்தது, உமி போனதும் பாதி ஊமையாகிறது. சார்பில் தோற்றம், ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று எழும் என்று பௌத்தர் சொன்னது இதைத்தான். வானொலிப் பதிவு தெரிந்தெடுக்காது. அரைமணிக்குள் வந்ததெல்லாம், வெட்டுப்பட்ட முடிவு உட்பட, அதில் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியைப் பதிவது என்று ஒருவர் தெரிந்துதானே எடுத்தார் என்று கேட்டால், ஆம். ஆனால் தட்டில் ஊசி இறங்கியபின் தெரிவு அவர் கையில் இல்லை.

சைவர் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து வரலாம். தில்லையில் திருமுறை ஏடுகளைப் புற்று மூடிச் செல்லரித்துக் கிடக்கக் கண்டு அரசன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் விட்டுவைத்தோம் என்று இறைவன் அருளியதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. எஞ்சியது எஞ்சவேண்டியது, போனது போகவேண்டியது. துக்கத்தில் இருப்பவருக்கு இது மருந்து. மறுக்க மனம் வராது. ஆனால் பொது நியாயமாக இதை ஏற்க முடியாது. ஹைன்ஸின் குழு வேண்டாததாகிப் போகவில்லை, கூலிப் பிணக்கில் போனது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைச் செல் அரிக்கவில்லை. 1983 யூலையில், தமிழருக்கெதிரான கலவரத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவில் போட்டுக் கொளுத்தியவற்றில் எதெது இக்காலத்துக்கு வேண்டாதது என்று யார் சொல்வது? காலம் அழிப்பதும் கை அழிப்பதும் ஒன்றல்ல. சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலையும் மறைத்தலையும் தனித்தனியே எண்ணியது. இரண்டையும் இறைவன் பெயரில் வைத்தது, தீப்பெட்டி வைத்திருந்தவர் பெயரில் அல்ல.

எனக்கு முழுப் பதில் இல்லாத ஆட்சேபம் ஒன்று உண்டு: இப்படிப் பதிந்துவைப்பதே களவு. கொடாததை எடாமை பஞ்சசீலத்தில் இரண்டாவது. மண்டபத்துக்கு ஓர் இரவுக்கு வாசித்தவர் நூறு இரவுக்கு விற்கச் சம்மதிக்கவில்லை. வானொலியிலிருந்து பிடித்த இசையைப் பொய்ப் பெயருள்ள நிறுவனங்களின் தட்டாக விற்றவர்கள் நியூயோர்க்கில் இருந்தார்கள். வாத்தியக்காரருக்குச் சதமும் போகவில்லை. இயந்திர இசை தன் ஆட்களின் சோற்றைப் பறிக்கும் என்ற பெட்ரிலோவின் பயமும் வீணன்று. படையினருக்கென்று போட்ட வி-டிஸ்க் திட்டம் 1949இல் முடிந்தபோது, சங்கத்தோடு செய்த உடன்பாட்டின்படி மூலத் தட்டுகளை அழித்தார்கள். பெட்டிக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோன சிப்பாய்களால் பல தட்டுகள் மிஞ்சின. சட்டத்தை மதித்தவர் இசையை அழித்தார், மீறியவர் காத்தார். விற்றது களவு என்பதில் எனக்கு ஐயமில்லை. வைத்திருந்ததையும் களவு என்று சொல்ல நா எழவில்லை. அந்தத் தயக்கம் நியாயமா ஆசையா என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

கொழும்பு இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கும் ஊரன்று. போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்த நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே நிறுவிய அலைபரப்பிதான் பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1963இல் எலிங்டனின் குழுவே கொழும்புக்கு வந்து வாசித்தது. இன்றும் அநிச்சத்தைச் சொல்லும் பிரித் ஓதல் காலையில் வானொலியில் பதிவாகத்தான் வருகிறது, 1988இல் மறைந்த சீர்காழி கோவிந்தராஜன் கோவில் ஒலிபெருக்கியில் விடியுமுன் பாடுகிறார். பெனடெட்டி இயந்திரத்தோடு அலைந்த அதே 1947இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் விபுலானந்த அடிகள், யூனில் யாழ்நூலை அரங்கேற்றிவிட்டு, யூலையில் கொழும்பில் மறைந்தார். வழக்கொழிந்த யாழை அவர் சிலப்பதிகாரத்திலிருந்தும் உரைகளிலிருந்தும் நரம்பு நரம்பாக, சுருதி சுருதியாகக் கணக்கிட்டு மீட்டார். கணிதம் அறிந்தவர், எண்கள் சரியாக இருந்தன. அந்த எண்களைக்கொண்டு ஒரு யாழைச் செய்யலாம், நரம்பு கட்டலாம், மீட்டலாம். மாதவியின் யாழைப் பூம்புகார்க் கடற்கரையில் பக்கத்திலிருந்து கேட்ட ஒருவருடைய இருமல் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.