ஆறு முகம் எதுக்கு?

 

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. அன்னிக்கு சாயங்காலம் திருச்சி வானத்துல ஒரு விமானம் சுத்திக்கிட்டே இருந்தது ஞாபகம் இருக்கா? சார்ஜாவுக்குக் கிளம்பினது, உள்ளே 140 பேருக்கு மேல. ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்தி, ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் பத்திரமா இறங்கினது. அதுவரைக்கும் என் போன் முழுக்க "முருகா காப்பாத்து"தான். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அப்போ வந்த கேள்வி இது. நாம அவன்கிட்ட ஒப்படைச்சுட்டோம். அந்த நேரத்துல விமானி எதை யார்கிட்ட ஒப்படைப்பார்?

தேடிப் படிச்சப்ப தெரிஞ்சது, இறங்கப்போற நேரத்துல ஏதாவது பழுதானா முதல் வேலை அதைச் சரிபண்றது இல்லையாம். ஒருத்தர் விமானத்தை ஓட்டணும், ஓட்ட மட்டும்தான். இன்னொருத்தர்தான் பழுதுக்கான கையேட்டைத் திறந்து, சத்தமா வாசிச்சு, ஒவ்வொண்ணா செய்யணும். நேரம் போதலன்னா இறங்காம மேலே ஏறிச் சுத்தணும். யார் கையில கட்டுப்பாடு இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிக்கணும்.

இது ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னா, 1972 டிசம்பர் 29 ராத்திரி நடந்தது ஒரு காரணம். நியூயார்க்கிலிருந்து மயாமி போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. இறங்கப்போறப்ப முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியல. 2000 அடிக்கு ஏறி, தானியங்கியைப் போட்டுட்டு, ஆளே இல்லாத சதுப்பு நிலத்துப் பக்கம் போனாங்க. துணை விமானி விளக்கைக் கழட்டப் பார்த்தார், அது சிக்கிக்கிச்சு. கேப்டனும் அதுலயே. பொறியாளர் சக்கரத்தைப் பார்க்கக் கீழே இறங்கிட்டார். கூட வந்த பராமரிப்பு நிபுணரும் பின்னாலேயே போனார். நடுவுல யார் கையோ லேசா அழுத்தினதுல தானியங்கி உயரத்தைப் பிடிக்கிறதை விட்டுடுச்சுன்னு விசாரணையில சொன்னாங்க. விமானம் மெதுவா, யாருக்கும் தெரியாம இறங்கிக்கிட்டே வந்தது. எச்சரிக்கை மணி அடிச்சது பதிவுல இருக்கு. யாரும் கவனிக்கல. 176 பேர்ல 101 பேர் போயிட்டாங்க. சக்கரம் சரியா இறங்கித்தான் இருந்திருக்கு. பல்புதான் ஃபியூஸ்.

அவங்க யாரும் சோம்பேறி இல்ல, அதுதான் என்னை உறுத்துது. எல்லாரும் மனசை ஒருமுகப்படுத்தி வேலை பார்த்தாங்க. தப்புன்னு சொல்ல முடியுமா? நான் தப்புன்னுதான் சொல்வேன். பல்பைப் பார்த்தது தப்பில்ல. மீதியை யார் பார்க்கிறதுன்னு யாருமே கேக்கலையே.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருஷம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு உடம்பு முடியல. சுகர் பார்க்கிற மிஷின் 'எரர்' காட்டுச்சு. ஸ்ட்ரிப்பை மாத்தினேன், பேட்டரியை மாத்தினேன், தங்கச்சி யூடியூப்ல தேடினா. "முருகா, நீ பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு மறுபடியும் மிஷின்லயே குனிஞ்சேன். என்னோட தானியங்கி அதுதான். அம்மா திருநீறு பூச வந்தாங்க. நெத்தியைத் தொட்டதும், "டேய், ஜில்லுன்னு வேர்த்திருக்குடா, சர்க்கரை கொண்டா முதல்ல"ன்னு கத்தினாங்க. அந்த அறையில அப்பாவைப் பார்த்தது அவங்க ஒருத்தர்தான். சாமியைக் கூப்பிட்டது ரெண்டு பேரும்தான்.

திருப்பரங்குன்றத்துல நக்கீரர் கதை எல்லாருக்கும் தெரியும். சிவபூஜை நடுவுல இலை ஒண்ணு விழுந்து, பாதி மீனாவும் பாதி பறவையாவும் இழுத்துக்கிட்டதைப் பார்த்து அவர் கவனம் சிதறுச்சு, பூதம் குகையில அடைச்சது. கவனம் சிதறக்கூடாதுங்கிறதுதான் பாடம்னு இத்தனை நாள் நினைச்சேன். ஆனா குகையிலிருந்து அவர் பாடின திருமுருகாற்றுப்படையில முருகனோட ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலை இருக்கு. உலகுக்கு ஒளி ஒண்ணு, அடியாருக்கு வரம் ஒண்ணு, வேள்வி காக்க ஒண்ணு, மறைபொருள் விளக்க ஒண்ணு, போர்க்களத்துக்கு ஒண்ணு, வள்ளியைப் பார்த்துச் சிரிக்க ஒண்ணு. போர் நடக்குதுன்னு வள்ளியைப் பார்க்கிற முகம் திரும்பிடல.

நமக்கு ஒரு முகம்தான். அப்போ ஒருமுகப்பட்ட பக்தி வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். ஆனா நான் கண்ணை மூடிக் கவசம் சொல்றப்ப அடுப்புல பாலைப் பார்த்துக்கிறது அம்மா. என் ஒருமுகத்துக்கு அவங்கதான் விலை கொடுக்கிறாங்க, இதை நான் யோசிச்சதே இல்ல.

1978-ல போர்ட்லண்ட்ல இன்னொரு விமானம். சக்கரக் கோளாறுக்காக ஒரு மணி நேரம் சுத்தி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தாங்க. எரிபொருள் குறையுதுன்னு பொறியாளர் பட்டும் படாமலும் சொல்லியிருக்கார், கேப்டன் மனசுல ஏறல. அதுக்கப்புறம்தான் சின்னவங்க நேரடியா சொல்லணும், பெரியவங்க காது கொடுக்கணும்னு பயிற்சியே வந்தது. சுவாமிமலையில அப்பனே பிள்ளைகிட்ட பணிஞ்சு உபதேசம் கேட்டதைக் கும்பிடுற நமக்கு இது புதுசில்ல. ஆபீஸ்லயும் வீட்லயும் மட்டும் மறந்துடுது.

இப்போ வீட்ல மிஷின் மக்கர் பண்ணினா தங்கச்சி அதைப் பாப்பா. நான் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அம்மா திருநீறு எடுத்துட்டு வருவாங்க.

வேலும் மயிலும் துணை.