கேட்கும் ஊரும் கேட்காத நகரமும்

மதுரைக்காரரும் சென்னைக்காரரும் தத்தம் ஊரின் பெருமையைப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டில் தொடங்கும். கறி தோசையும் ஜிகர்தண்டாவும் ஒரு பக்கம், கடற்கரைச் சுண்டலும் வடகறியும் மறுபக்கம். இரண்டு ஊரையும் நேசிக்கும் எனக்கு, இவற்றின் வேறுபாடு புதிதாக வந்து நிற்கும் மனிதனிடம் அவை கேட்கும் கேள்வியில் இருப்பதாகத் தோன்றுகிறது. “எந்த ஊருண்ணே? அங்க எந்தத் தெரு?” என்று கேட்கும் மதுரை. “எங்க இறங்கணும்?” என்பதோடு சென்னை நிறுத்திக்கொள்ளும். நாம் கொண்டாடும் அழகும் பேசத் தயங்கும் துயரமும் இந்தக் கேள்விகளிலிருந்தே பிறக்கின்றன.

மதுரை ஒரு மையத்தைச் சுற்றி எழுந்த நகரம். மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. பழைய கோட்டை இருந்த எல்லையில் வெளி வீதி. மாதங்களின் பெயரைத் தாங்கிய வீதிகளில் நடப்பவனுக்கு, ஊரின் நடு எது, தான் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது எப்போதும் தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து கிளம்பும் அழகர், வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கித் தங்கித்தான் வைகைக்கு வருகிறார். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ சமூகமோ உரிமைக்காரர். இலட்சக்கணக்கானோர் கூடும் நெரிசலிலும் தனக்கென்று ஓர் இடம் உண்டு என்ற நிறைவை அந்த ஊர் தன் மக்களுக்குத் தருகிறது. யாராவது செத்தால் தெருவே வந்து நிற்கிறது. அறியப்பட்டவனாக வாழ்வது பெரிய பேறு. அதை இழந்து வெளியூர் போனவர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லோருக்கும் இடம் வகுத்த ஊர், சிலருக்கு அந்த இடத்தை வாசலுக்கு வெளியே வகுத்திருந்தது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். அதுவரை தலைமுறை தலைமுறையாகத் தேரையும் கோபுரத்தையும் எட்ட நின்று பார்த்தவர்களும் மதுரைக்காரர்களே. அந்த நுழைவோடு கணக்கு தீர்ந்துவிடவும் இல்லை. மதுரை மாவட்டத்து மேலவளவில், தலித்துகளுக்கான தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களில் சிலரும் 1997 ஜூனில் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். “அங்க எந்தத் தெரு?” என்ற கேள்வியை அன்பாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள், அதே கேள்விக்கு முன் வாய் உலர்ந்து நிற்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையின் பிறப்பு வேறு மாதிரி. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மணல்திட்டைக் கேட்டு வாங்கியது. அதைச் சுற்றி மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர் என்று முன்பே இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. இந்த நகரத்துக்கு ஒரே நடு கிடையாது. வேலைக்காக வந்தவர்களால் ஆன ஊர் இது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் ஊர்ப் பெயர் தெரியாமலே வருடங்களைக் கழித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஊரில் தலை குனிந்து நடக்க வைக்கப்பட்டவர் இங்கே மாநகரப் பேருந்தில் யார் பக்கத்திலும் உட்காரலாம். வீட்டை எதிர்த்து மணந்துகொண்டவர்கள் முதலில் பேருந்து ஏறுவது பெரும்பாலும் இந்த நகரத்துக்குத்தான். கேட்காமல் விடுவதே சென்னை அவர்களுக்குச் செய்த உபகாரம்.

அந்தப் பெயரற்ற கூட்டத்திலிருந்துதான் புதிய உறவுகளும் தோன்றின. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். 1923இல் கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்த நகரத்தின் கடற்கரையில் கொண்டாடினார். ஆனால் சாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நம்பிய நகரம், சங்கம் தோன்றிய மூன்றே ஆண்டுகளில் சோதனைக்கு உள்ளானது. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை சாதி வழியாகப் பிளந்து, புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது. இன்றும் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் ‘சைவம் மட்டும்’ என்று சொல்லும்போது, கேட்காத நகரம் தன் வழியில் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

கேட்காமையின் இன்னொரு பக்கம் இதைவிடக் கொடியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டன. வேலை செய்த வீடுகளும் பிள்ளைகள் படித்த பள்ளிகளும் பல மைல் பின்னால் தங்கிவிட்டன. அவர்கள் துலக்கிய பாத்திரங்களில் சாப்பிட்ட வீடுகளில், “அந்த அம்மா ஏன் வரவில்லை?” என்ற கேள்வி இரண்டு நாளில் அடங்கியது; வேறொருவர் வந்துவிட்டார். யாரையும் விசாரிக்காத இடத்தில் ஒருவர் காணாமல் போவதும் எளிது.

இருந்தும், சென்னை கேட்கக் கற்றுக்கொண்ட நாட்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, யார் எவர் என்று பாராமல் மாடிகளிலிருந்து மனிதர்களை இறக்கினார்கள். பள்ளிவாசல்களும் மண்டபங்களும் திறந்தன. 2017 ஜனவரியில், தடை செய்யப்பட்டிருந்த மதுரை வட்டாரத்து ஜல்லிக்கட்டுக்காக, காளையை அருகில் நின்றுகூடப் பார்த்திராத பிள்ளைகள் மெரினாவில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். 23ஆம் தேதி காவல்துறை கூட்டத்தைக் கலைத்தபோது, ஓடிவந்த மாணவர்களுக்கு அருகிலிருந்த நடுக்குப்பத்து மீனவர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. அவர்கள் அந்தப் பிள்ளைகளின் ஊரையும் தெருவையும் விசாரிக்கவில்லை. அடிபட்டிருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள்.

இவ்விரு ஊர்களில் எது சிறந்தது என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. மதுரையின் நெருக்கத்தை மெச்சும்போது, அந்த நெருக்கத்துக்குள் அனுமதிக்கப்படாதவர்களின் பெயரால் ஒரு கணமாவது நிறுத்த வேண்டும். சென்னையின் சுதந்திரத்தை மெச்சும்போது, அந்தச் சுதந்திரத்தின் விலையை ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒரு மனிதனின் பிறப்பை விசாரிக்கும் பழக்கத்தை மதுரை விட்டாக வேண்டும். அவன் நலத்தை விசாரிக்கும் பழக்கத்தைச் சென்னை, வெள்ளம் வராத நாட்களிலும் கைக்கொள்ள வேண்டும். ஊர்ப்பாசம் என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையானால், அது கேட்கும் வேலை இதுதான்.