பிழையின் பிறந்த வீடு

சேலம் அம்மாபேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். அந்தச் சத்தம் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, தெருக்குழாயடியில் குடங்கள் வரிசைகட்டி நிற்கும் வேளையில், பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் இளைய மகள் ஒரு நீள நோட்டும் கைப்பேசியுமாக எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவள், எண்களைக் கண்டு அஞ்சியவளே அல்ல. ஆயினும் வங்கிக் குமாஸ்தா வேலைக்கான பரீட்சையை இருமுறை எழுதி, இருமுறையும் ஆங்கிலப் பகுதியில் வேண்டிய மதிப்பெண் எட்டாமல் நின்றுவிட்டாள். 34 வருஷம் வங்கியில் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரு யோக்கியதையைக் கொண்டு அவளுடைய தகப்பனார் அவளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் எவ்வளவு தூரம் பாத்திரமானவன் என்பதை இந்த 6 மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1984-இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியம் என்று ஒன்று இருந்தது. 2001-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். 2011 முதல் பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கும் சேர்த்து, மும்பையில் உள்ள ஐ.பி.பி.எஸ். என்ற நிறுவனம் பொதுத் தேர்வு நடத்துகிறது. குமாஸ்தாவுக்கான முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். அவற்றில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 40 விநாடி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். 2021-இல் மத்திய நிதி அமைச்சகம் குமாஸ்தாத் தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 பிராந்திய மொழிகளிலும் நடத்தத் தீர்மானித்ததன் பயனாக, கணக்கையும் தர்க்கத்தையும் அவள் தமிழிலேயே படித்து விடையளிக்கலாம். ஆங்கிலம் மட்டும் ஆங்கிலமாகவே நிற்கிறது. பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது, கோடிட்ட இடத்துக்குச் சொல் தேடுவது, கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது என்று அதில் பல வகை உண்டு. அவள் அதிகம் தடுமாறுவது, ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்கிறார்களே, அந்த வகையில்தான்.

ஒருநாள் இந்த வாக்கியம் வந்தது: 'ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹேவ் நாட் கம்.' அவள் மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுல தப்பே இல்லீங்களே, தாத்தா" என்றாள். விதியைச் சொல்ல வாயெடுத்தவன், ஏனோ நிறுத்திக்கொண்டு, அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். "பசங்கள்ல ஒருத்தன் வரலீங்க." பசங்கள் எல்லாருமே வராவிட்டால்? "பசங்க வரலீங்க." நீ வராவிட்டால்? "நான் வரலீங்க." சொல்லி முடித்தவள், ஏதோ கையிலிருந்து நழுவியதைப் போலச் சற்று நேரம் சும்மா இருந்தாள். வந்ததைச் சொல்லும்போது வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விகுதி பூட்டும் நம்முடைய பேச்சு, வராததைச் சொல்லும்போது ஒருவன் வராவிட்டாலும் ஊரே வராவிட்டாலும் 'வரவில்லை' என்ற ஒரு சொல்லிலே எல்லோரையும் சமமாக்கிவிடுகிறது. பிறந்தது முதல் அந்தச் சொல்லில் வளர்ந்த செவிக்கு, ஒருமைக்கு ஒன்று பன்மைக்கு ஒன்று என்று இல்லாமையிலும் பேதம் காட்டும் வாக்கியத்தில் பிழை புலப்படாமற் போனால், அது செவியின் குற்றமாகுமா?

அன்றிலிருந்து எங்கள் பாடத்தின் முறை மாறிவிட்டது. அவள் தவறவிட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தன என்று விசாரிக்கத் தொடங்கினோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' வரக்கூடாது என்பார்கள். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்றே சொல்லிப் பழகிய நாக்கு அந்தப் 'பற்றி'யை விட்டுவிட்டு எப்படிப் புறப்படும்? 'த' என்ற அந்தச் சிறு சொல் சேலத்துக்கு வேண்டாம், மேட்டூருக்கு வேண்டாம், ஆனால் மேட்டூரில் தேங்கி நிற்கும் காவேரிக்கு வேண்டும். ஏற்காட்டுக்குக் கூடாது, ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலைகளுக்குக் கட்டாயம் வேண்டும். தமிழில் மலையும் ஆறும் ஊரும் முன்னொட்டு எதுவுமின்றித் தம் பெயராலேயே நிற்பவை. அவற்றில் எது தலைப்பாகை கட்டிக்கொள்ளும், எது கட்டாது என்பதை நாம் மனப்பாடத்தால் அறிய வேண்டுமே ஒழிய, செவியால் அறிய வழியில்லை.

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சில் தைத்துக் கிடப்பது 'கசின் பிரதர்'. என் இருபத்தோராவது வயதில், வேறொரு வேலைக்கான நேர்முகத் தேர்வில், குடும்பத்தில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, என் பெரியப்பா மகன் எங்களோடு இருப்பதைச் சொல்ல நினைத்து 'மை கசின் பிரதர்' என்றேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். 'கசின்' என்றால் போதும், 'பிரதர்' மிகை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் புன்னகைக்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மகன் அண்ணனாகிறான், மாமா மகன் மச்சானாகிறான். ஒருவன் நம்மோடு பிறந்தவனுக்குச் சமம், மற்றொருவன் நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் முறையுடையவன். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்ளும் ஆங்கிலத்தின் முன்னால், என் அண்ணனை அண்ணன் என்று சொல்லாமல் விட மனம் வராமல் நான் ஒட்டவைத்த வார்த்தை அது. பரீட்சையின் கணக்கில் பிழைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அறியாமையிலிருந்து பிறந்த பிழை என்று யாராவது சொன்னால், அதை மட்டும் ஒப்ப மாட்டேன்.

பாஷையைக் கற்பவன் பிழை செய்யாமல் கற்றதாகச் சரித்திரமே இல்லை. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாக இந்தச் சேலத்துக்கு வந்து தங்கிய ராபர்ட் டி நொபிலி, இத்தாலியில் பிறந்து, முப்பதை நெருங்கும் பிராயத்தில் தமிழ் படிக்கத் தொடங்கியவர். பின்னாளில் தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதிய தத்துவ போதகர். அவருடைய ழகரம் முதல் நாளிலேயே திருந்தியிருக்காது. கேட்டவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு மேலே பேசவிட்டதனால் அல்லவா அவருக்குத் தமிழ் வசப்பட்டது?

அவ்வளவு தூரம் போவானேன். என் ஊழிய காலத்தில் பாதிக்கு மேல் நாமக்கல் பக்கத்தில் கழிந்தது. லாரிப் பட்டறைகளும் கோழிப்பண்ணைகளும், சற்றுத் தள்ளித் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுமாக வாழும் பூமி அது. ஐந்தாவது வகுப்பைத் தாண்டாத ரிக் முதலாளி ஒருவர், மேனேஜர் அறையில் என் எதிரே உட்கார்ந்து, மத்தியப் பிரதேசத்தில் நிற்கும் வண்டிக்கு டீசல் போட ஒருவரிடம் ஹிந்தியிலும், ஆந்திரத்துக் கிராமத்தில் பாக்கி வைத்த ஒருவரிடம் தெலுங்கிலும் டெலிபோனில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் அவருடைய ஹிந்தியில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆனால் டீசலும் வந்தது, பாக்கியும் வசூலாயிற்று. அவருடைய பிழைக்குக் கால் மதிப்பெண் பிடிக்க அந்த வழியில் யாரும் இல்லை. அவர் அறிந்த அந்தச் சுதந்திரத்தில் ஒரு துளியாவது, அவரைவிடப் பன்மடங்கு படித்த இந்தப் பெண்ணுக்கு வாய்க்கவில்லையே என்று நான் வருந்தாத நாளில்லை. பிழையைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பேசச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் படித்த ஆங்கிலம் முழுவதும் எங்கே குற்றம் என்று துழாவுகிற ஆங்கிலமாகவே இருக்கிறது.

அதனால் அந்தப் பரீட்சை வீண் என்று சொல்லிவிட மாட்டேன். ஒரு சொல்லின் பொருளைச் சரியாக அறிவது வங்கியில் எத்தனை பெரிய காரியம் என்பதை நான் அறிந்த விதத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இதுவரை எழுத்தில் சொன்னதில்லை.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ராசிபுரம் பக்கத்துக் குடியானவர் ஒருவர், குச்சிக்கிழங்கு விற்ற பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து டெபாசிட் போட வந்தார். சந்தை நாள், கூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கூட்டாகப் போடும் டெபாசிட்டை யார் எடுக்கலாம் என்பதற்குப் படிவத்தில் சில வகைகள் உண்டு. 'எய்தர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் எவரும் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம். அவருக்குப் பிறகே மற்றவர். நான் அவசரத்தில் இரண்டையும் அப்படி அப்படியே வாசித்து, எது வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, "நான் ஃபார்மர்தானுங்க, நாலு ஏக்கரா பூமி இருக்குதுங்க" என்றார். பயிர்க்கடன் காகிதங்களில் 'விவசாயி' என்ற பொருளில் அவர் பலமுறை கேட்டிருந்த சொல் அது. படிவத்தில் இருந்த சொல் வேறு, 'முந்தியவர்' என்பது அதன் பொருள். நம் காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. அவர் சொன்னது என் செவியில் விழுந்தது. ஒரு நிமிஷம் நிறுத்தி விளக்கியிருக்கலாம். நான் அந்தக் கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

8 மாதம் கழித்து அந்த அம்மாள் மட்டும் வந்தார். கணவருக்கு ரத்த அழுத்தம் மிகுந்து, கை கால் விழுந்து, சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கை. ரசீதை என் முன்னால் வைத்துவிட்டு, "எம் பேரும் இதுல இருக்குதுங்களே, சாமி" என்றார். இருந்தது, இரண்டாவது பெயராக. அவரால் அந்தப் பணத்தைத் தொட முடியாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன், அந்தக் குறியை இட்ட நானே. மறுநாள் அதிகாரியோடு பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அந்த மனிதரின் கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றி ரேகை வாங்கினோம். தளர்ந்து கிடந்த அந்தக் கையில், கிழங்கு பிடுங்கிக் காய்த்த தோல் மட்டும் உறுதியாக இருந்தது. பணம் அன்றே கிடைத்தது. இடையில் போன ஒரு பகலும் ஓர் இரவும் அந்த அம்மாள் யாரிடம் கையேந்தினார் என்பதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் பலவிதமாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொருள் தெரியாதது அவருடைய தோஷமன்று. தெரியாததைத் தெரியவில்லை என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவனிடம் கேட்க அவரைக் கூச்சம் தடுத்தது. அவருக்குத் தெரியவில்லை என்பதை அறிந்தும் இறங்கிவந்து சொல்ல என்னை அவசரம் தடுத்தது. ஒரு காலத்தில் 'கசின் பிரதர்' என்று சொல்லி வாயடைத்துப் போனவன், ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்த பிறகு இன்னொருவரை வாயடைக்க வைத்தேன் என்பது எத்தனை வருஷமானாலும் ஆறாத விஷயம். பிழை திருத்தப்படலாம், கூச்சம் ஒரு மனிதனைப் பேசாமலே இருக்கச் செய்துவிட்டால், அங்கே திருத்துவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகையால் அவளுக்கு நான் இப்போது வைத்திருக்கும் நியமம் ஒன்றுதான். பிழை காணும் கேள்விகளை 20 நிமிஷம் கடிகாரம் வைத்துச் செய்து முடித்த பிறகு, ஒரு பத்தியை உரக்க வாசித்து, அதைத் தன் ஆங்கிலத்தில், எத்தனை தவறு வந்தாலும் நிறுத்தாமல், எனக்குச் சொல்ல வேண்டும். நான் நடுவில் குறுக்கிடுவதில்லை. நோட்டில் பிழைக்கு எதிரே அவள் தனிக் கட்டம் போட்டு, அந்தப் பிழை எந்தத் தமிழிலிருந்து வந்தது என்று எழுதி வருகிறாள். அதற்குப் 'பொறந்த வீடு' என்று தலைப்பும் அவளே இட்டாள்.

குடியானவரின் கதையைச் சென்ற வாரம் அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடாமலே, "அப்போ நாளைக்கு நான் உள்ள உட்கார்ந்தா, அதை அவருக்கு எப்படிங்க சொல்லோணும்?" என்று கேட்டாள். 34 வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. நான் சொன்னேன்: "உங்க பேரு முதல்ல இருக்குது; நீங்க இருக்கிற வரைக்கும் நீங்க மட்டும்தான் எடுக்க முடியும், அம்மாவால முடியாது, இது உங்களுக்குச் சம்மதமா, அப்படீன்னு கேக்கோணும்." அவள் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதிக்கொண்டாள். எழுதி முடிப்பதற்குள் அவர்கள் வீட்டில் தறி ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, அன்றைய பத்தியை அவள் உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.