போயிட்டு வர்றேன்

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. தெருமுனைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்குவதானாலும் "போயிட்டு வர்றேன்"தான். வாய் தவறி "போறேன்" என்றால் அம்மா வாசல்வரை வந்து திருத்துவாள். இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, போன சித்திரையில் தேக்கடியில் படகு ஏறும்வரை.

ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. ராஜபாளையம் பக்கம், சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். ஆலைக் குவார்ட்டர்ஸில் வளர்கிறவர்களுக்கு அப்பா ரிட்டயர் ஆனதும் வீடும் போய்விடும். அப்புறம் திரும்பி வந்து நிற்க ஒரு வாசல் கிடையாது. நான் குவார்ட்டர்ஸ் பையன் இல்லை. எங்களுக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஐந்து பேர் கூட்டத்தில் மூன்று பேர் அந்த ஒரே கோடையில் கிளம்பினார்கள்: சென்னை, ஓசூர், கோவை.

கடைசியாக ஒரு டூர் என்று தேக்கடி. ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான் பெரியாற்றுக் காடு. ஆனால் வேனில் தேனி, கம்பம் என்று சுற்றி குமுளி ஏற வேண்டும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் ஏரியில் கறுப்பாக நிற்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் செத்தது இந்த ஏரியில்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டே அதைப் பேசிச் சிரித்தோம். படகு கிளம்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பினால் ஒரு வசதி உண்டு. பேச்சு முட்டினால் பஸ் கிளம்பிவிடும். படகில் ஒன்றரை மணி நேரம் யாரும் எங்கேயும் போக முடியாது. சென்னைக்காரன் ஆரம்பித்தான்: "ஆடிப்பூரத்துக்கு எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கணும்டா. தேர் இழுக்கிறோம். வருஷா வருஷம்." எல்லோரும் தலையாட்டினோம். ஓசூர் போகிறவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நான் வருவேன்னு சொல்ல மாட்டேன் மாப்ள. வேலை எப்படியோ, லீவு எப்படியோ. அநேகமா வரமாட்டேன்" என்றான்.

எல்லோரும் அவன்மேல் பாய்ந்தோம். அதிகமாகப் பாய்ந்தவன் நான். "ஒரு வார்த்தை சொன்னா என்னடா குறைஞ்சு போயிரும்?" இடது கரையில் யானை என்று யாரோ கத்தினார்கள். நான் எழப் போனேன். "இரிங்க, இரிங்க" என்று படகுக்காரர் அதட்டி உட்கார வைத்தார். அதற்கப்புறம் அவனோடு நான் பேசவில்லை. குமுளி இறங்கும்வரை, ஊர் வரும்வரை, அவன் சாமான் லாரி கிளம்பும்வரை.

ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறையும்? யாருக்கும் குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார் வள்ளுவர். கான்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் கேட்டால்கூடப் பொய் சொல்லாதே என்கிறார். எனக்கு கான்ட்டோடு ஒத்துப்போக முடியாது, நம்ம ஊரில் அப்படி ஒருத்தன் இருந்தால் ஓட ஓட விரட்டுவோம். ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனையை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். குற்றமில்லாத நன்மை. சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு அந்த வார்த்தையில் நஷ்டமில்லை. காத்திருக்கிறவன் தலையில்தான் அதன் செலவு விழுகிறது. அப்படியானால் அது யாருக்கான நன்மை?

தூரம் நட்பை முறிப்பதில்லை, அதன் செயலைத்தான் நிறுத்துகிறது. பிரிவு நீண்டால் மறதி வந்துவிடும் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அவருக்குப் பிசிராந்தையாரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் நேரில் பார்த்தே இராத அந்த நண்பனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். சுற்றி இருந்தவர்களுக்கு நம்பிக்கையில்லை. பிசிராந்தையார் வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் வந்ததைத்தான் பெரிதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது அந்த ஒதுக்கிய இடம்தான் பெரிதாகத் தெரிகிறது. வருவேன் என்று ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் இடம் ஒதுக்கவில்லை. நான் படகில் கேட்டது அந்த வார்த்தையைத்தான். எனக்கு இடம் ஒதுக்கத் தெரியவில்லை, ரசீது வேண்டியிருந்தது.

ஆடிப்பூரம் வந்தது. சென்னைக்காரன் காலையிலேயே குரூப்பில் ஆண்டாள் படம் போட்டு, 'அடுத்த வருஷம் கண்டிப்பா' என்று எழுதியிருந்தான். கோவைக்காரன் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஓசூரிலிருந்து போன். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"தேர் நிலைக்கு வந்துருச்சா மாப்ள?"

"வந்துருச்சுடா" என்றேன்.

"கூட்டம்?"

"நல்ல கூட்டம்."

அன்றைக்கு முழுக்க நான் கடையில்தான் இருந்தேன்.