ஏத்தணுமா, வெட்டணுமா?

விருத்தாசலம் போயிருக்கிறீர்களா? முதுகுன்றம், பழமலை என்று அந்த ஊருக்கு வேறு பெயர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்... பழைய மலை. ஆனால், ஊருக்குள் எங்கே நின்று பார்த்தாலும் மலை கண்ணில் படாது. மணிமுத்தாறு, பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், அப்புறம் பீங்கான். பொம்மையில் ஆரம்பித்து பியூஸ் கட்டை வரை சுட்டு அனுப்புகிற ஊர்.

மலை தெரியாத இந்த மலையூரில், பாறை ஏறும் வண்டி பற்றி ஒரு பேச்சு கேட்டேன். ஒரு வெல்டிங் பட்டறை. வாசலில் பழைய பிக்கப் லாரி. அதைக் கொண்டுவந்த பையனுக்கு கல்வராயன் மலைப் பக்கம் சொந்த நிலம். பாதி நிலம், பாதி பாறை.

''ஒரு அடி தூக்கிக் குடுங்கண்ணே. பாறை மேல ஏறி வெளையாடணும். சும்மா கும்முனு நிக்கணும்!''

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ''எங்க தட்டுது?'' என்று மட்டும் கேட்டார்.

''பின்னாடி டப்பா இடிக்குதுண்ணே.''

''அப்ப ஏத்தணுமா, வெட்டணுமா?''

உங்களுக்கு இந்த விளையாட்டு புதிதாக இருக்கலாம். பாறைமேல் வண்டியை ஊர்ந்து ஏற்றுவதை 'ராக் க்ராலிங்' என்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையில் 1953-லேயே ஜீப்காரர்கள் கூட்டம் போட்டுக் கிளம்பிவிட்டார்கள். நம் நாட்டில், கோவாவில் 2014 முதல் காட்டுப் பாதைப் பந்தயம் நடந்திருக்கிறது. பந்தயமே இல்லாமல் இதைச் செய்கிறவர்களும் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய்ப் பாருங்கள். கல்லும் பள்ளமுமாகக் கிடக்கிற பாதையில், நடக்கிற வேகத்தில், டிரைவர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து சக்கரத்தை வைப்பார். அங்கே வேகத்துக்கு மரியாதை இல்லை.

பெரிய வண்டிக்குப் பாறையில் முதல் எதிரி, அதன் உடம்புதான். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை ஓவர்ஹேங் என்பார்கள். முன்சக்கரம் ஏறிவிடும், பின்சக்கரமும் ஏறிவிடும். இறங்கும்போது இந்த வால் 'டமால்' என்று பாறையில் உட்காரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, உடம்பை உயரத் தூக்குவது. இன்னொன்று, வாலை நறுக்கி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவை அகலமாக்குவது. தூக்கினால் பார்க்க கம்பீரம். ஆனால், பாரத்தின் மையமும் கூடவே மேலே போய்விடும். சரிவில் கொஞ்சம் சாய்ந்தாலும் வண்டி குப்புற விழும். வெட்டினால் பார்க்க மொட்டையாக இருக்கும். ஆனால், விழாது.

யோசித்துப் பாருங்கள். பாதை கரடுமுரடாகும்போது நாம் செய்வதும் இந்த இரண்டில் ஒன்றுதானே? வியாபாரத்தில் அடி விழுகிறது. சிலர் கடன் வாங்கிப் பெரிய கார் வாங்குவார்கள், பெண் கல்யாணத்தைப் பெரிய மண்டபத்தில் நடத்துவார்கள். 'இறங்கிட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாது' பாருங்கள்! சிலர் மட்டும், 'எது எனக்குப் பின்னால் தேவையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது?' என்று பார்ப்பார்கள்.

பையன் விடவில்லை. ''என் வண்டி, என் காசு. கேட்டதைச் செஞ்சு குடுங்கண்ணே. விழுந்தா நான் விழுந்துட்டுப் போறேன்!''

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''இருபது வருஷம் முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் கேட்டாரு. தூக்கிக் குடுத்தேன். வளைவுல கவுந்துச்சு. கேட்டவருக்குக் கையில சிராய்ப்பு. பக்கத்துல உக்காந்திருந்த கிளீனர் பையனுக்கு ஒரு கால் போச்சு. அவன் எதையும் கேக்கலையே தம்பி!''

எனக்கு உறைத்த இடம் இது. நாம் நம்மை உயர்த்திக்கொள்வதற்கான விலையை, பெரும்பாலும் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் கட்டுகிறார். அப்பாவின் கௌரவத்துக்கு வாங்கிய கடனை மகன் அடைக்கிறான். 'என் வண்டி' என்பது சரி. 'என் விழுதல்' என்று ஒன்று கிடையாது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்க வேண்டும். 'உன்னைக் குறைச்சுக்கோ, அனுசரிச்சுப் போ' என்று காலம்காலமாக யாரிடம் சொல்லி வந்திருக்கிறோம்? மருமகளிடம். கூலிக்காரனிடம். அவர்களை இன்னும் எவ்வளவு வெட்டுவது?

இதற்கும் பட்டறையிலேயே பதில் இருந்தது. பெரியவர் சாக்பீஸால் கோடு போட்டார். பின்டப்பாவில் ஒரு கோடு, சக்கர வளைவில் ஒரு கோடு. ''இத வெட்டலாம். சேஸில கை வெக்க மாட்டேன். அது சுமக்குற எலும்பு.'' மருமகளிடமும் கூலிக்காரனிடமும் நாம் கேட்பது பெரும்பாலும் சேஸியை. வெட்ட வேண்டிய வால் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சுமப்பது எது, சும்மா தொங்குவது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் விவேகம். அந்தக் கோட்டைப் போடும் சாக்பீஸ், வெட்டுப்படுகிறவர் கையில் இருக்க வேண்டும்.

வெட்டியாகிவிட்டது என்பதற்காக அப்படியே ரோட்டில் ஓட்டிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரியவர் இதையும் சொன்னார்: ''ரோட்டுல இத ஓட்டக் கூடாது. இன்னொரு லாரில ஏத்திக் கொண்டு போ. ஒன் நெலத்துக்குள்ள மட்டும் ஓட்டு. பக்கத்துல ஆள ஏத்தாத. டயர்ல காத்தைக் கொறைச்சுக்கோ, அப்பதான் பாறையைப் புடிக்கும்.''

பாறையில் ஏற வேண்டுமானால், காற்று இறங்க வேண்டும்!

பையன் தலையாட்டினான். அரை மனசுதான்.

திரும்பும் வழியில் ஒரு பீங்கான் பட்டறையில் நின்றேன். ஈரமண் பொம்மையின் விளிம்பில் பிதுங்கியிருந்ததை ஒரு அம்மா கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். ''சூளைக்குப் போனப்புறம் சீவ முடியாதா?'' என்றேன்.

''அப்புறம் எங்க சீவுறது? ஒடைக்கத்தான் முடியும்.''

இரும்புக்குப் பரவாயில்லை. அறுபது வயதிலும் வெட்டி ஒட்டலாம். நாம் இரும்பா, மண்ணா என்பது எனக்குத் தெரியாது. மண்ணாக இருந்துவிட்டால் என்ன செய்வது? சூடு ஏறுவதற்குள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்களேன்... என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது?