அம்மா பார்க்காத சூரசம்ஹாரம்

ஓம் சரவணபவ.

எங்க வீட்ல தீபாவளியை விட சஷ்டிதான் பெருசு. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளே ஆச்சி விரதம் ஆரம்பிச்சிடுவாங்க. ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் திருநெல்வேலியில இருந்து பெரியப்பா, சித்தி, பிள்ளைகள்னு 14 பேர் ஒரே வேன்ல திருச்செந்தூர் கிளம்புவோம். கடற்கரையில நான் அப்பா தோள் மேல. யானைமுகன் தலை, சிங்கமுகன் தலை, அப்புறம் சூரனோட சொந்தத் தலை, கடைசியில மாமரம். ஜெயந்திநாதரோட வேல் பாயுற ஒவ்வொரு தடவையும் எழும்புற அரோகரா சத்தம் நம்ம நெஞ்சுக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருக்கும். முடிஞ்சதும் கடல்ல குளியல், பன்னீர் இலை விபூதி, தூக்குவாளியில புளியோதரை.

இப்போ ஆச்சி இல்லை. பெரியப்பா குடும்பம் கோயம்புத்தூர் போயாச்சு. இதய ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா கூட்டத்துக்குள்ள போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சென்னையில, ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல யூடியூப் நேரலை பார்க்கிற பக்தன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நேரலை முடிஞ்சதும் அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். "எல்லாம் போச்சும்மா. அந்த மாதிரி இனிமே வருமா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏய்யா, நான் இன்னைக்குத்தான் முழுசா பாத்தேன்"னாங்க.

எனக்குப் புரியல. கேட்டேன். 14 பேரோட செருப்பு, பை, தூக்குவாளி எல்லாத்தையும் யாராவது பாத்துக்கணும்ல? கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து அது அம்மாதான். முதல் நாள் ராத்திரி புளி கரைச்சு, விடிகாலை மூணு மணிக்கு சோறு வடிச்சதும் அவங்கதான். அரோகரா சத்தத்தை வச்சு, இப்ப எந்தத் தலை போயிருக்கும்னு கணக்குப் போட்டுக்குவாங்களாம்.

இதை வருத்தமா சொல்லல. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னைக்குத் தூக்கம் வரல.

நான் முருகனுக்கு நன்றி சொல்லியிருக்கேன். ஆச்சியைப் பத்தி ஸ்டேட்டஸ் போட்டிருக்கேன். அம்மா அந்தப் படத்துலயே இல்லை. திருக்குறள்ல 11ஆவது அதிகாரத்துக்குப் பேரு செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் இல்லை, அறிதல். யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியாமலே நான் இத்தனை வருஷம் நன்றியோட இருந்ததா நினைச்சிருக்கேன்.

'அம்மா செஞ்சதும் ஒரு சேவைதானே, முருகன் கணக்குல வச்சிருப்பான்'னு நீங்க சொல்லலாம். வச்சிருப்பான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா சேவைன்னா நாமளா எடுத்துக்கிறது. அம்மாகிட்ட யாரும் கேட்கவே இல்லையே. மருமக, அதனால பை. அவ்வளவுதான். அதுக்காக அந்த சந்தோஷமெல்லாம் பொய்னும் சொல்ல மாட்டேன். அப்பா தோள் நிஜம், அரோகரா நிஜம். பழசு போச்சேன்னு அழுறப்போ, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்துச்சான்னு நான் ஒரு தடவை கூட கேட்கலைங்கிறதுதான் உறுத்துது. மாமரமா நின்ன சூரனையே முருகன் அழிக்கல. மயிலாவும் சேவலாவும் மாத்தித் தன்கூட வச்சுக்கிட்டான். எங்க வீட்டு சஷ்டியையும் அப்படி மாத்த முடியும்னு எனக்கு லேட்டாத்தான் தோணுச்சு.

போன ஐப்பசியில லீவு போட்டு ஊருக்குப் போனேன். அப்பாவைப் பாத்துக்க சித்தி வந்தாங்க. புளியோதரை நான் கிண்டினேன், உப்பு கூடிருச்சு. ரயில்ல ரெண்டே பேர். கடற்கரையில அம்மாவை முன்னாடி அனுப்பிட்டு, செருப்பையும் பையையும் வச்சுக்கிட்டு நான் பின்னாடி உக்காந்தேன். ஒண்ணுமே தெரியல. சத்தத்தை வச்சு எண்ணிப் பாத்தேன், ரெண்டாவது தலையிலயே கணக்கு விட்டுப்போச்சு.

திரும்பி வந்த அம்மா முகமெல்லாம் வேர்வை. "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னேன்.

"போன்ல இன்னும் நல்லா தெரிஞ்சுது"ன்னாங்க. சொல்லிட்டு, "அடுத்த வருஷமும் வரணும்யா"ன்னு பையை வாங்கிக்க வந்தாங்க. நான் குடுக்கல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!