விக்டோரியாவில் தங்கியவர்கள்

தீவு என்றவுடன் ஸ்வர்க்கம் என்று சொல்லிவிடுவது பிரயாணிகளின் நெடுநாள் வழக்கம். இந்து மகா சமுத்திரத்தின் நடுவே, ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கிழக்கே சிதறிக் கிடக்கும் செஷல்ஸ் தீவுகளுக்குப் போய் வந்தவர்கள், அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை. மாஹே தீவில், செங்குத்தாக எழும் கருங்கல் மலைகளுக்கும் கடலுக்கும் இடையில் கிடைத்த சிறிது சமதரையில் அமைந்திருக்கும் அந்நாட்டுத் தலைநகரான விக்டோரியாவில் சில நாள் தங்கியிருந்தபோது, எனக்கும் அந்தச் சொல் நாவில் வந்தது உண்மை. ஆனால் அந்நகரின் சரித்திரத்தை அறிய அறிய, ஓர் ஊர் எப்போது ஸ்வர்க்கமாகிறது, எப்போது சிறையாகிறது, எப்போது சொந்த ஊராகிறது என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது; இன்றுவரை விட்டபாடில்லை.

நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். நடுச்சந்தியில் வெள்ளி வர்ணம் பூசிய மணிக்கூண்டு நிற்கிறது. மொரீஷியஸ் நிர்வாகத்திலிருந்து பிரிந்து செஷல்ஸ் தனிக் குடியேற்ற நாடாகிய 1903-ஆம் ஆண்டிலேயே, விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக அதை நிறுவினார்கள். கத்தோலிக்கப் பேராலயத்தின் மணியோ ஒவ்வொரு மணியையும் இரு முறை அடிக்கும். முதல் முறை எண்ணத் தவறியவன் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணிக்கொள்ளலாம். இவ்விரண்டையும்விட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது சந்தைதான். சிமெண்டு மேடையில் வரிசையாகக் கிடந்த செந்நிற மீன்களில் ஒன்றை எடுத்து, கத்தியின் முதுகால் செதில்களைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, குடலை அப்படியே பின்பக்கம் வீசினார் ஒருவர். காத்திருந்த உண்ணிக்கொக்கு ஒன்று மனிதர்களின் கால்களுக்கிடையே அவசரமில்லாமல் நடந்து வந்து அதைக் கொத்திக்கொண்டு போயிற்று. அடுத்த மேடையில் உலர்ந்து சுருண்ட லவங்கப்பட்டை கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. அந்த வாசனை சந்தையை விட்டு வெளியே வந்த பிறகும் விரல்களில் இருந்தது.

அந்த லவங்கத்துக்கு ஒரு கதை உண்டு. வாசனைத் திரவிய வியாபாரத்தில் டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை முறிக்க விரும்பிய பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவ்ர், 1772-இல் மாஹேயில் ஒரு ரகசியத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். லவங்கம், கிராம்பு, ஜாதிக்காய், மிளகு எல்லாம் அங்கே வந்தன. 1780-இல் துறைமுகத்தில் தெரிந்த கப்பலை எதிரியின் கப்பல் என்று அஞ்சி, அவன் கைக்குப் போய்விடலாகாதென்று தோட்டத்தைத் தாங்களே கொளுத்திவிட்டார்கள் என்பர். வந்ததோ பிரெஞ்சுக் கப்பல்தானாம். ஆனால் லவங்கம் அழியவில்லை. அதன் பழத்தைத் தின்ற பறவைகள் விதையை மலையெங்கும் கொண்டு போய்ப் போட்டன. இன்று அந்தத் தீவில் நீங்கள் எந்த மலைப்பாதையில் ஏறினாலும் இலையைக் கசக்கினால் லவங்கம் மணக்கும். தீவுக்கே உரிய மரங்களை அது நெருக்குகிறது என்ற வருத்தமும் நியாயமானதே. எனினும் கட்டாயத்தின் பேரில் கொண்டுவரப்பட்டு, அந்த மண்ணைத் தன் மண்ணாக்கிக்கொண்டது அந்த மரம் மட்டுமல்ல.

ஆங்கிலேய ஆட்சி தனக்குப் பிடிக்காத மன்னர்களையும் தலைவர்களையும் கொண்டுபோய் வைப்பதற்கு, தப்பிச் செல்ல வழியில்லாத இந்தத் தீவையே தேர்ந்தெடுத்தது. மலாய் நாட்டின் பேராக் சுல்தான் அப்துல்லா, ஆங்கில ரெசிடெண்ட் ஒருவரின் கொலையில் சம்பந்தப்பட்டவரென்று 1877-இல் இங்கே அனுப்பப்பட்டார். இங்கே வாத்தியக் கோஷ்டியார் வாசிக்க அரச குடும்பத்தார் கேட்ட மெட்டுதான் பிற்காலத்தில் பேராக்கின் கீதமாகி, 1957-இல் சுதந்திரம் பெற்ற மலாயாவின் தேசிய கீதமாகவும் உயர்ந்தது என்று சொல்லப்படுகிறது. சைப்ரஸ் தீவின் தலைமைக் குருவான மக்காரியோஸ் 1956-இல் வந்தார்; ஓராண்டுக்குப் பிறகே விடுவித்தார்கள். நகரத்துக்கு மேலே சான் சூசி மலைப்பாதையில் அவரைத் தங்கவைத்திருந்த இல்லத்திலிருந்து பார்க்கக் கிடைத்த காட்சிகளைப் போன்றவற்றுக்காகத்தான் இன்று உலகின் பணக்காரர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். மலையும் கடலும் மாறவில்லை. ஒருவர் சட்டைப் பையில் திரும்பிப் போகும் சீட்டு இருக்கிறது. மற்றவரிடம் அது இல்லை. நாம் சௌந்தரியம் என்று கொண்டாடுவதில் எவ்வளவு பங்கு இயற்கையினுடையது, எவ்வளவு பங்கு அந்தச் சீட்டினுடையது என்று அங்கே நின்று யோசித்தபோது, என் ஆனந்தத்தின் பெரும்பகுதி இரவலாகத் தோன்றிற்று.

இவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர் அசாந்தி மன்னர் பிரெம்பே. இன்றைய கானா தேசத்திலிருந்த தம் ராஜ்யத்தை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் ஒப்படைக்க மறுத்ததற்காக 1896-இல் கைதான அவரை, 1900-இல் இந்தத் தீவில் இறக்கினார்கள். அவர் தாயார் இங்கேயே காலமானார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடுத்த அசாந்தி வீராங்கனை யா அசாந்தேவாவும் இங்கே கொண்டுவரப்பட்டு, 1921-இல் இங்கேயே கண்மூடினார். பிரெம்பே ஊர் திரும்பியது 1924-இல். இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? விடுதலை கோரி விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்பினார். அந்த ஆசையை ஒரு நாளும் கைவிடவில்லை. ஆனால் விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்கவும் இல்லை. வயது வந்தபின் ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றார். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். 1907-இல் தம் முன்னோர்களான அசாந்தி அரசர்களின் சரித்திரத்தை எழுதுவிக்கத் தொடங்கினார். இழந்த ராஜ்யத்துக்கு அவர் செய்த பெரிய சேவைகளில் ஒன்று, அது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தபோது செய்யப்பட்டது.

இதை எண்ணும்போது, மாற்றல் உத்தரவு வந்து வேற்றூருக்குப் போன நம் உத்தியோகஸ்தர்கள் பலர் என் நினைவுக்கு வருகிறார்கள். வந்திறங்கிய அன்றே அடுத்த மாற்றலுக்கு மனுப் போட்டுவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல், அக்கம்பக்கத்தார் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல், இது நம் ஊரல்ல என்று வருஷக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் அவர்கள். அவர்களைக் குறை கூற நான் துணியமாட்டேன். பிரிவின் வேதனை அவரவருக்கே தெரியும். ஆனால் திரும்பும் ஆசையும் இருக்கும் இடத்தில் வேரூன்றும் முயற்சியும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு, இத்தனை தூரத்தில், இத்தனை பெரிய இழப்புக்குள் வாழ்ந்துகாட்டிய ஒருவரை அறிந்துகொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மன்னர்களுக்காவது திரும்பிப் போக ஒரு ராஜ்யம் இருந்தது. அதுவும் இல்லாதவர்களே இந்நகரின் உண்மையான மக்கள். அராபிய அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர்கள் 2,000-க்கும் மேற்பட்டோர், 1861 முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இங்கே கரையிறக்கப்பட்டார்கள். கிராமம் எது, தாய் யார் என்று சொல்லத் தெரியாத சிறுவர் சிறுமியர் அவர்களில் அநேகர். அத்தகைய குழந்தைகளுக்காகக் கிறிஸ்தவ மிஷனரிமார் சான் சூசி மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பாசி படிந்த அதன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தென்னந்தோப்புகளிலும் லவங்கக் காட்டிலும் உழைத்த இவர்களும், இவர்களுக்கு முன்னே அடிமைகளாக வந்தவர்களும் பேசிப் பேசி வளர்த்த கிரியோல், 1976-இல் பிறந்த சுதந்திர நாட்டின் ஆட்சிமொழிகளில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சமதையாக நிற்கிறது. யாரும் ஆசைப்பட்டு வந்த இடமல்ல இது. வந்தவர்களின் உழைப்பும், அவர்கள் புதைத்த தாய் தந்தையரும், அவர்கள் கூடிப் பேசிய பேச்சும் சேர்ந்து இதை ஒரு தேசமாக்கிவிட்டன.

நம்மவர்களும் அக்கூட்டத்தில் உண்டு. 1770-இல் முதன்முதல் குடியேறிய 28 பேரில் இந்தியர் ஐவர்; பின்னர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காகத் தமிழர் பலர் வந்தனர். குவின்சி வீதியில் 1992-இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயிலின் கோபுரம் மலைப் பசுமைக்கு எதிரே வர்ணமயமாக நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். கோயிலுக்குச் சமீபத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், குடும்பப் பெயரின் கடைசியில் நம் நாட்டுப் பட்டம் ஒன்றைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தாங்கியவர், என்னை உட்காரச் சொல்லி எலுமிச்சை ரசம் கொடுத்தார். தமிழ் அவருக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. பூட்டனார் எந்தக் கிராமத்தவர் என்பதும் தெரியாது. அவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்டதற்கு, திரும்பத்தான் எண்ணியிருந்தார், கடை நன்றாக நடந்தது, பிறகு குழந்தைகள் பிறந்தார்கள் என்றார். மூதாதையர் நாட்டைப் பார்க்க விருப்பமில்லையா என்றேன். மிகுந்த விருப்பம் உண்டென்றும், அடுத்த விடுமுறையில் குடும்பத்துடன் வந்து சிதம்பரமும் மதுரையும் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வீடு திரும்பிவிட வேண்டும் என்றும், அதுவரை கடையை யாரிடம் ஒப்படைப்பது என்பதே கவலை என்றும் சொன்னார். சென்னையிலிருந்து எந்த ஊர் முதலில் வரும், ரயிலா பஸ்ஸா சௌகரியம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒரு காகிதம் வாங்கி, வழியையும் தங்குமிடங்களையும் எழுதிக் கொடுத்தேன்.